மாவட்டப் பட்டியலை மூடிவையுங்கள், குழாயைத் திறங்கள்

கோவையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு ஒன்பது. இரண்டு பேரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்க ஆரம்பித்து எட்டு மாதமாகிறது. இந்த வருடம் முழுக்கப் புவியியலில் தமிழ்நாடு மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை. ஆனால் தேடினால் கிடைப்பதெல்லாம் அமெரிக்க மாநிலங்களுக்கான திட்டங்கள்தான், மாநிலப் பறவை, மாநிலப் பூ, கொடி, தலைநகரம் என்று வெட்டி மடித்து ஒட்டுகிற லேப்புக்குகள். அதையே நம் ஊருக்கு மாற்றிச் செய்தால் போதுமா, என்ன புத்தகம் வாங்கலாம், எவ்வளவு செலவாகும் என்பதுதான் கேள்வி.

நான் கரூர்க்காரி. என் பெரியவளுக்கும் சின்னவனுக்கும் இதே வேலையை இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை சொதப்பிவிட்டேன், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

38 மாவட்டம், மாவட்டத்துக்கு ஒரு பக்கம், தலைமையிடம், ஆறு, கோயில், விளையும் பொருள், ஒரு படம். அகர வரிசையில் ஆரம்பித்தோம். அரியலூரை முடித்துவிட்டு இராணிப்பேட்டைக்குப் போனால் இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. பக்கத்து ஊர்கள் பக்கத்தில் வராத ஒரு புவியியல். கன்னியாகுமரி வருவதற்குள் பெரியவள் படம் ஒட்டுவதில் மட்டும் கெட்டிக்காரி ஆகியிருந்தாள், காவிரி எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேட்டால் திருதிருவென்று முழித்தாள். ஆறு எங்கள் ஊருக்கு வடக்கே பக்கத்திலேயே இருக்கிறது. அன்றைக்கே அந்த நோட்டை மூடிவைத்தேன்.

இரண்டாவது முறை தண்ணீரைப் பிடித்துக்கொண்டோம். மாநிலத்தில் மற்றதெல்லாம், வயல், ஊர், ஆலை, பாதை, சண்டை, எல்லாம் எப்படியோ தண்ணீருக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். அதுவும் நீங்கள் கோவையில் இருப்பதால் சமையலறைக் குழாயிலிருந்தே ஆரம்பிக்கலாம். உங்கள் பகுதிக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறதா, பில்லூர்த் தண்ணீர் வருகிறதா என்று பிள்ளைகளையே விசாரிக்கச் சொல்லுங்கள். சிறுவாணி என்றால் விஷயம் சுவாரசியமாகிவிடும், ஏனென்றால் அந்த அணை இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். தமிழ்நாட்டைப் படிக்க உட்கார்ந்த முதல் நாளே தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியாகிவிட்டது. மகன் உடனே கேட்பான், அது அவங்க தண்ணியா நம்ம தண்ணியா என்று. பதில் சொல்ல அவசரப்படாதீர்கள், அந்தக் கேள்வி வருடம் முழுக்கத் தேவைப்படும்.

குழாய்க்கு அடுத்தது சாக்கடை. சிரிக்காதீர்கள். வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறக்கிற நொய்யல் உங்கள் ஊர் வழியாகப் போகும்போது எத்தனை குளங்களை நிரப்புகிறது, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம், எதிலிருந்து எதற்கு வாய்க்கால் போகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பாருங்கள். ஏரி குளங்களுக்கென்று இருக்கிற சொற்களை அங்கே கரையில் நின்றுதான் கற்றுக்கொடுக்க வேண்டும்: தண்ணீரைப் பாசனத்துக்குத் திறந்துவிடுகிற மதகு, நிறைந்தபின் மிச்சத்தை வழியவிடுகிற கலிங்கு, உள்ளே கொண்டுவருகிற வரத்து வாய்க்கால். இந்தச் சொற்களில் ஒன்றைக்கூட வரைபடத்தில் காட்ட முடியாது, கலிங்கின் மேல் கால் வைத்து நின்றவனுக்கு மறக்கவும் மறக்காது. அப்புறம் அதே நொய்யல் திருப்பூர் போய், சாயத்தைச் சுமந்துகொண்டு, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, எங்கள் மாவட்டத்தில் நொய்யல் என்ற பெயருள்ள ஊரிலேயே காவிரியில் சேருகிறது. ஒரத்துப்பாளையத்தைப் பாசனத்துக்கென்றுதான் 1992இல் கட்டினார்கள், அது சாயக் கழிவின் தொட்டியாகிப் போனதும், 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் புரிகிற விஷயங்கள்தான். நீங்கள் மேலே இருக்கிறீர்கள், நாங்கள் கீழே இருக்கிறோம். ஆற்றுப் புவியியலில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, வரைபடம். சுவரில் மாட்டுகிற வரைபடம் ஒன்று இருக்கட்டும், ஆனால் மேடுபள்ளத்தோடு நீங்களே ஒன்று செய்யுங்கள். அமெரிக்க அம்மாக்கள் மைதாவும் உப்பும் பிசைந்து செய்வார்கள், நாங்களும் செய்தோம், கொல்லிமலையை எறும்பு தின்றுவிட்டது. அப்புறம் என் மாமியார்தான் வழி சொன்னார். பழைய செய்தித்தாளைக் கிழித்து மூன்று நாள் ஊறவைத்து, ஊறவைத்த வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டியெடுத்தால் வருகிற கூழ், அந்தக் காலத்தில் முறத்துக்கும் கூடைக்கும் பூசுவார்களே, அதேதான். கல் மாதிரி இறுகிவிடும், பெயின்ட் பிடிக்கும். ஏப்ரல், மே வெயிலில் செய்யுங்கள். ஐப்பசியில் செய்து பூஞ்சை பிடித்தால் என்னைச் சொல்லாதீர்கள்.

அளவில் நான் செய்த தப்பையும் சொல்கிறேன். நாலடிக்கு மூன்றடிப் பலகை, ஒரு சென்டிமீட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தோம். தமிழ்நாடு வடக்கு தெற்காகச் சுமார் 610 கிலோமீட்டர், அப்படியானால் 122 சென்டிமீட்டர், பலகை சரியாக அவ்வளவுதான். கன்னியாகுமரி விளிம்பில் வந்து நின்றது, வள்ளுவர் சிலைக்கு இடமில்லை என்று சின்னவன் அழுதான். அதைவிடப் பெரிய சங்கடம், பக்கத்து மாநிலங்களுக்கு இடமே இல்லை, தமிழ்நாடு ஏதோ தீவு மாதிரி பலகையில் கிடந்தது. ஆகவே எட்டுக்கு நாலு பிளைவுட்டில் பாதி வாங்குங்கள், நாலுக்கு நாலு. ஒரு சென்டிமீட்டருக்கு 6 கிலோமீட்டர் வையுங்கள். மேற்கே குடகு வரைக்கும் இடம் கிடைக்கும், கிழக்கே இலங்கையின் முனையும் எட்டிப் பார்க்கும். குடகு ஏன் வேண்டும் என்று கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.

உயரத்தைப் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மிக உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். எங்கள் முதல் பலகையின் அளவுக்கு அது அரை சென்டிமீட்டர், அதாவது ஒரு பொட்டுக்கடலை. பெரியவள் நம்பவே இல்லை, மூன்று தடவை வகுத்துப் பார்த்தாள். ஊட்டிக்குப் பேருந்தில் போகும்போது காது அடைத்து வாந்தியெடுத்த மலை, மாநிலத்தின் அகலத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு பொட்டுக்கடலை! அப்புறம்தான் உயரத்தை மட்டும் பத்து மடங்கு கூட்டிக்கொள்வது என்று முடிவு செய்து, அதைப் பலகையின் ஓரத்தில் எழுதியும் வைத்தோம். எழுதிவைப்பது முக்கியம், வரைபடம் பொய் சொல்லும் என்பதும் எவ்வளவு பொய் என்று ஓரத்தில் எழுதியிருக்கும் என்பதும் சின்ன வயதிலேயே தெரிந்துவிட வேண்டும்.

பெயின்ட் காய்ந்தபின் சொட்டுக் குப்பியால் மலைமேல் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்கு விளிம்புக்கு அந்தப்பக்கம் விழுகிற சொட்டு அரபிக்கடலுக்கு ஓடிவிடும், இந்தப்பக்கம் விழுவதுதான் நமக்கு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாயை ஆழமாக விடுங்கள், உங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆடி மாதம் துணி பறப்பதற்கும், பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்கும் அந்த ஓட்டைதான் காரணம். தெற்கே ஆரல்வாய்மொழியில் அதே மாதிரி இன்னொரு ஓட்டை, அங்கேயும் முப்பந்தலில் காற்றாலைக் காடு. மகள் இதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் எங்கே காற்றாடி பார்த்தாலும் மலையில் சந்து எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவாள்.

இனி என் முக்கியமான வேலை, மேட்டூர் நோட்டு. வருடத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாளிதழில் தினமும் மேட்டூர் அணையின் நிலவரம் வரும்: நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கனஅடி, திறப்பு இத்தனை கனஅடி, இருப்பு இத்தனை டிஎம்சி. தினமும் காலையில் இரண்டு நிமிடம், நான்கு எண்ணையும் எழுதி, மட்டத்தை ஒரு கட்டத்தாளில் புள்ளி வைக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் சலிப்பாகத்தான் இருக்கும். விடாதீர்கள்.

கனஅடி என்றால் என்ன என்று காட்ட அட்டையில் ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு பெட்டி செய்தோம். உள்ளே பாலிதீன் விரித்துத் தண்ணீர் ஊற்றினோம், பாதியில் வயிறு பிதுங்கி வெடித்தது, திண்ணை முழுக்க வெள்ளம். மறுபடி பலகையில் அடித்தோம். 28 லிட்டர் பிடித்தது, எங்கள் வீட்டுக் குடத்துக்கு இரண்டு குடம். வினாடிக்கு 10,000 கனஅடி திறப்பு என்று பேப்பரில் படிக்கும்போது சின்னவன் கண்ணை மூடிக்கொண்டு, ஒண்ணு என்று சொல்லி முடிப்பதற்குள் இருபதாயிரம் குடமா என்பான். டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை, பெரியவளே 86,400 வினாடியால் வகுத்துக் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு பேப்பரில் வருகிற வரத்தையும் இருப்பையும் ஒப்பிட்டு, சரியாக வருதும்மா என்று தணிக்கை பண்ண ஆரம்பித்துவிட்டாள்.

அப்புறம் இன்னொன்று கண்ணில் பட்டது. அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அப்படியானால் 60 அடியில் பாதி இருக்க வேண்டுமே? கால்வாசிக்குச் சற்று அதிகம்தான் இருக்கிறது. ஏன்? வடச்சட்டியை எடுத்து அரை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதை அளந்து, முழுதும் ஊற்றி மறுபடி அளந்தோம். கீழே குறுகி மேலே விரிகிற பாத்திரம், பள்ளத்தாக்கும் அப்படித்தான். அணை பாதியாகிவிட்டது என்று செய்தியில் சொன்னால் அடியிலா டிஎம்சியிலா என்று கேட்கிற பிள்ளைகள் எங்கள் தெருவில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஜூலை மாதம் ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு மாதமாக மழை இல்லை. வாசலில் வைத்திருந்த மழைமானி, அதாவது நேராக வெட்டிய பாட்டிலும் ஒரு ஸ்கேலும், காய்ந்து கிடக்கிறது. நோட்டில் பார்த்தால் நீர்வரத்து நாளுக்கு நாள் ஏறுகிறது. சின்னவன் கேட்டான்: “ஏம்மா, நம்ம ஊர்ல பொட்டு மழை காணோம், அணைக்கு மட்டும் எங்கிருந்து தண்ணி வருது?” நான் வாயைத் திறக்கவில்லை. பலகையைத் தரையில் வைத்தேன். அவன் விரலை மேட்டூரிலிருந்து மேலே நகர்த்தினான், ஒகேனக்கல், பிலிகுண்டுலு, அங்கே பலகையில் எல்லைக்கோடு வந்துவிட்டது, அதற்கு மேல் இடம் இல்லை. இன்னொரு துண்டுப் பலகையை மேற்கே ஆணியடித்து ஒட்டி, குடகில் தலைக்காவிரியை வைத்தோம், வயநாட்டிலிருந்து வருகிற கபினியைச் சேர்த்தோம். தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டும்போது நாம் மலைக்குப் பின்னால் மழைமறைவில் உட்கார்ந்திருக்கிறோம், அந்த மழை ஆறாகத்தான் நமக்கு வருகிறது. நம் சொந்த மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் வடகிழக்கிலிருந்து, வருட மழையில் கிட்டத்தட்டப் பாதி அந்த மூன்று மாதத்தில். மழைமானிக் கணக்கை ஒரு டிரேசிங் தாளில் வரைந்து மேட்டூர்க் கட்டத்தாளின் மேல் வைத்தால் இரண்டு மேடுகள் வேறு வேறு மாதத்தில் வரும். தமிழ்நாட்டின் பருவநிலைப் பாடம் முழுக்க அந்த இரண்டு தாளுக்குள் அடங்கிவிடுகிறது. நான் முன்பு காசு கொடுத்து வாங்கிய ஒரு பணித்தாள் தொகுப்பில் தமிழ்நாட்டுக்கும் வசந்தம், இலையுதிர் காலம் என்று போட்டு மஞ்சள் இலைக்கு வண்ணம் தீட்டச் சொல்லியிருந்தார்கள். வேப்பமரம் மாசி பங்குனியில் இலை கொட்டுவதை ஜன்னலில் பார்க்கிற பிள்ளைக்கு அதை எப்படிக் கொடுப்பது?

மழையை அளக்கும்போது காலை 8.30 மணிக்கே அளக்கப் பழக்குங்கள். வானிலை ஆய்வு மையத்தின் நாள் கணக்கு அப்போதுதான் முடிகிறது, உங்கள் பாட்டிலின் அளவை மறுநாள் பேப்பரில் வருகிற அளவோடு ஒத்துப்பார்க்கலாம். ஒத்துப்போகாது. அதுவும் ஒரு பாடம்.

நோட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜூன் 12 என்ற தேதி ஏன் முக்கியம் என்று வந்துவிடும், டெல்டாவில் குறுவைக்கு மேட்டூரைத் திறக்கிற வழக்கமான நாள். 2022இல் அணை நிறைந்திருந்ததால் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் அந்தத் தேதியில் திறக்கத் தண்ணீர் இல்லை. இங்கேயே காவிரி நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம் எல்லாம் கேள்வியாக வரும். ஒன்பது வயதுக்காரிக்கு வேண்டாம், பன்னிரண்டு வயதுக்காரனுக்குச் சொல்லலாம். சொல்லும்போது கர்நாடக விவசாயியின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை சொல்லிப்பாருங்கள்.

ஆற்றோடு போய்ப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பவானி கூடுதுறை உங்களுக்குப் பக்கம். எங்கள் பக்கம் வந்தால் அமராவதி சேருகிற திருமுக்கூடலூர், மாயனூர் கதவணை. கரூரிலிருந்து திருச்சிக்குப் பாசஞ்சர் ரயிலில் இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் குளித்தலை தாண்டியும் ஆறு கூடவே வரும். அந்த அகண்ட காவிரியைப் பார்த்தபின் முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதையும், கல்லணையில் மறுபடி பிரித்துவிடுவதையும் பார்த்தால், இவ்வளவு பெரிய ஆறு பூம்புகாரில் ஏன் ஒரு வாய்க்கால் மாதிரி கடலில் சேருகிறது என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். வழியிலேயே வயலுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது. என் பெரியவள் பூம்புகாரில் நின்று, அவ்ளோதானா என்றாள். அந்த ஏமாற்றத்துக்காகவாவது அங்கே போக வேண்டும்.

மற்ற விஷயங்களுக்கு ஒரே ஒரு கேள்வி போதும், இது ஏன் இங்கே இருக்கிறது? உங்கள் ஊரையே கேளுங்கள். கோவையில் இத்தனை ஆலை ஏன்? சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் மண், 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின. சிவகாசியில் ஏன் பட்டாசு? மழை குறைந்த வறண்ட ஊர். தூத்துக்குடியில் ஏன் உப்பு? வெயில், காற்று, தட்டையான கரை. அரியலூரில் ஏன் இத்தனை சிமென்ட் ஆலை? இதற்கு மட்டும் ஒரு பயணம் போய்வாருங்கள். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது, அந்தக் கடலுயிர்களின் ஓடுகள்தான் சுண்ணாம்புக்கல், அதுதான் சிமென்ட். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது, காரைப் பக்கம் ஓடையில் சங்குபோலச் சுருண்ட அம்மோனைட் தடங்களைப் பார்க்கலாம். பார்க்க மட்டும்தான், பெயர்த்து எடுத்துவரக் கூடாது என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். கடற்கரையிலிருந்து இவ்வளவு உள்ளே நின்றுகொண்டு, நம்ம காலுக்குக் கீழே கடல் என்று சின்னவன் செருப்பைக் கழற்றிவிட்டான்.

பயணத்தில் பொழுது போக நம்பர் பிளேட் விளையாட்டு இருக்கிறது. டிஎன் 43 என்றால் நீலகிரி, 47 எங்கள் கரூர், 49 தஞ்சாவூர், 59 மதுரை, 69 தூத்துக்குடி, 72 திருநெல்வேலி, 74 நாகர்கோவில். முதலில் பார்த்துச் சொன்னவருக்கு ஒரு புள்ளி, பலகையில் அந்த ஊரைக் காட்டினால் இரண்டு புள்ளி. சில நாளில் அவர்களே கேட்பார்கள், லாரி என்றால் ஏன் 28ஆகவே இருக்கிறது, போர்வெல் வண்டி என்றால் ஏன் 34 என்று. நாமக்கல்லும் திருச்செங்கோடும் அப்படித்தான் எங்கள் வீட்டுப் பாடத்துக்குள் வந்தன.

ஊர்ப்பெயரை வைத்து ஒன்று செய்யலாம், இது பையனுக்கு ஏற்றது. பேருந்து நிலையக் கால அட்டவணையில் இருக்கும் ஊர்களை எழுதிக்கொண்டு பாளையம், பட்டி, பாக்கம், பட்டினம் என்று ஈற்றை வைத்து வண்ணப் புள்ளி குத்துங்கள். பட்டினம் கடலோரத்தில் வரிசையாக நிற்கும், நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம். பாக்கம் வடக்கே சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் குவியும். பாளையம் உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் நிறையும், ஆனால் உத்தமபாளையமும் ராஜபாளையமும் தனியாகத் தெற்கே போய் நிற்கும். அந்த இரண்டு புள்ளியைப் பிடித்துத்தான் நாயக்கர் காலத்துப் பாளையங்களைப் பற்றிப் படித்தோம். வரலாற்றுப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்திருந்தால் அவ்வளவு ஆசையாகப் படித்திருக்க மாட்டார்கள்.

புத்தகம் கேட்டீர்கள். முதலில் நம் அரசுப் பாடநூல்தான். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் புவியியலின் கடைசி இரண்டு பாடங்கள் தமிழ்நாடு, ஒன்று இயற்கைப் பிரிவுகள், ஒன்று மானுடப் புவியியல். இலவசமாகத் தரவிறக்கலாம். அது உங்களுக்கு, பிள்ளைகளுக்கு அல்ல. நீங்கள் படித்து வைத்துக்கொண்டு, கேள்வி வரும்போது அந்தப் பக்கத்தைத் திறங்கள். காவிரியின் நெடுகப் போய் எழுதிய பயண நூல் ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’, இரவில் இரண்டு பக்கம் வாசித்துக்காட்டலாம், மகளுக்குக் கொஞ்சம் கடினம், மகனுக்குச் சரியாக இருக்கும். ‘பொன்னியின் செல்வன்’ வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு அன்று தொடங்குகிறது என்பதால் முதல் அத்தியாயத்தைப் பலகையின் முன் உட்கார்ந்து படியுங்கள், வந்தியத்தேவன் போகிற இடமெல்லாம் நூல் கட்டிக்கொண்டே போகலாம். எங்களுக்கு இன்னும் அதிகம் பலித்தது சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் நடந்த வழி. புகாரிலிருந்து காவிரியின் வடகரையோடு அரங்கம், ஆற்றைக் கடந்து உறையூர், கொடும்பாளூர், மதுரை. எப்படிப் பார்த்தாலும் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்க முடியும் என்று தெரிந்துகொள்ள அமராவதிப் பாலத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் நடந்து பார்த்தோம், மே மாதத்தில். கண்ணகி பாவம் என்று அன்றைக்குத்தான் மனப்பூர்வமாகச் சொன்னார்கள்.

ஐந்திணையையும் பலகையிலேயே வண்ணம் தீட்டுங்கள், ஆனால் பாலைக்குத் தனியாக இடம் தேடாதீர்கள். முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலையாகிறது என்பதுதான் கணக்கு. ஒரே கரட்டை சித்திரையிலும் கார்த்திகையிலும் படம் எடுத்துப் பக்கத்தில் ஒட்டினால் போதும். பழைய நூல்களைத் தேடினால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நிறைய இருக்கிறது. வரைபடத்துக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள் உங்கள் பகுதிக்கு ஒன்று கிடைத்தால் விடாதீர்கள், இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், உங்கள் குளமும் வாய்க்காலும் அதில் இருக்கும்.

மாநிலப் பறவை, மாநிலப் பூ விஷயத்துக்கு வருகிறேன். மரகதப் புறா, வரையாடு, பனை, செங்காந்தள், ஒரு நாளில் முடித்துவிடுங்கள், படம் ஒட்டுவதற்குத் தடையில்லை. ஆனால் செங்காந்தளை மட்டும் ஒட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். எங்கள் மாவட்டத்தில் அரவக்குறிச்சி, அந்தப்பக்கம் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் அதைக் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டு விவசாயம் பண்ணுகிறார்கள், மருந்துக்காக விதை ஏற்றுமதியாகிறது. மாநிலப் பூவுக்கு விலை போட்டு விற்கிறாங்களா என்று சின்னவன் அதிர்ச்சியானான். கார்த்திகைப் பக்கம் வந்தால் பூ பார்க்கலாம், தூரத்திலிருந்து மட்டும், கிழங்கும் விதையும் விஷம்.

மாவட்டங்களைக் கடைசியில் வையுங்கள். 1956இல் மொழிவழி மாநிலமானபோது 13 மாவட்டம்தான். அந்த 13ஐ ஒரு தாளில் வரைந்து, அதன்மேல் டிரேசிங் தாளில் இன்றைய 38ஐ வரைந்து வைத்தால் எது எதிலிருந்து உடைந்தது என்று தெரியும். எங்கள் கரூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது, கடைசியாக வந்த மயிலாடுதுறை 2020இல். என் மாமனார் இன்னும் வட ஆற்காடு, தென் ஆற்காடு என்றுதான் சொல்வார். பிள்ளைகள் அப்பாருவுக்குப் பாடம் நடத்தினார்கள், அவர் பதிலுக்குத் திருத்தணி 1960இல்தான் நம்மோடு சேர்ந்தது என்று எடுத்துவிட்டார்.

பரீட்சை பற்றிக் கவலை இருக்கும். என்ஐஓஎஸ், அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யவே 14 வயது ஆக வேண்டும், உங்கள் மகனுக்கு நேரம் இருக்கிறது. இந்த ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பத்தாம் வகுப்புப் பாடங்கள் இரண்டையும் அவனிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடுவான், நடுவில் இரண்டு தப்புகளையும் கண்டுபிடித்தாலும் ஆச்சரியமில்லை. வயது வித்தியாசத்தைப் பற்றியும் யோசிக்காதீர்கள். கணக்கும் டிஎம்சியும் அவனுக்கு, கூழும் வண்ணமும் மழைமானியும் அவளுக்கு, சண்டை இரண்டு பேருக்கும்.

செலவு பெரிதாக இல்லை. அரைப் பிளைவுட், பெயின்ட், தினம் ஒரு பேப்பர். படித்து முடித்த பேப்பர்தான் கூழுக்கு. மற்றதெல்லாம் பேருந்துக் கட்டணம். அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் உங்களுக்கும் மகளுக்கும் கட்டணம் கிடையாது, தூரப் பயணத்தில் மகனுக்கு இனி முழு டிக்கெட் போடுவார்கள், மகளுக்குப் பன்னிரண்டு வரைக்கும் அரை டிக்கெட் இருக்கிறது. அதற்குள் அவளைப் பூம்புகாருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்துவிடுங்கள்.